அட்டவணையில் இல்லாத நிறுத்தம்

காபி டம்ளர் கையில் இருந்தது, நுரை இன்னும் அடங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, தீபாவளி முடிந்ததும் டெல்லியில் ஒரு புகை வந்து உட்காருமே, அந்தச் சாம்பல் நிறக் காலை. தொண்டை கரகரத்தது. ஆனாலும் நான் குஷியாக இருந்தேன். நான் போட்ட புதிய ரயில் கால அட்டவணை அன்று காலையிலிருந்துதான் அமலுக்கு வந்திருந்தது.

"இன்னிக்குப் பாருங்க, நம்ம அஞ்சலை நாலு நிமிஷம் முன்னாடியே வந்து நிப்பா. வண்டி சிக்னல்ல நிக்கிற கதையே இனிமே கிடையாது" என்றேன் என் கணவரிடம்.

அவர் குனிந்து வாக்கிங் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "எந்த சிக்னல்?"

"நம்ம காலனிக்குப் பின்னாடி, வளைவுல இருக்கே, அதுதான்."

"அங்க நிக்கலைன்னா அவ எங்க இறங்குவா?"

"ஸ்டேஷன்லதான். வேற எங்க இறங்குவா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கௌரி, அவ ஸ்டேஷன்ல இறங்கி நான் பார்த்ததே இல்ல. அந்த சிக்னல்லதான் தினமும் இறங்குறா. அவ மட்டுமா? ஒரு இருபது பொம்பளைங்க இருப்பாங்க. வண்டி நின்னதும் மடமடன்னு குதிச்சு, மதில்ல ஒரு ஓட்டை இருக்கு, அது வழியா வராங்க. உனக்கு நிஜமாவே தெரியாதா?"

தெரியாது. அந்த வண்டி ஒவ்வொரு நிமிடமும் எங்கே இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதிலிருந்து யார் எங்கே இறங்குகிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

சுவர்க் கடிகாரம் ஆறு ஐம்பது காட்டியது. ஏழு பதினாலுக்கு வண்டி அந்த சிக்னலைக் கடக்க வேண்டும், நிற்காமல். அப்படித்தான் நான் எழுதியிருந்தேன்.

அந்த சிக்னல் எந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம். சொல்ல மாட்டேன். காரணம் இந்த அத்தியாயத்தின் கடைசியில் தெரியும்.

நரேலாவிலிருந்து

அஞ்சலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கம். கல்யாணமாகி வந்த நாள்முதல் ஜங்புராவில், நாலா என்கிற சாக்கடைக் கால்வாய்க்கு ஓரமாக இருந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் குடியிருந்தாள். அப்போதெல்லாம் அவள் வீட்டிலிருந்து என் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. போன வருஷம் கேம்ப்பை இடித்தார்கள். சிலருக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. அஞ்சலைக்கும் கிடைத்தது.

நரேலா டெல்லியின் வடக்குக் கோடி. வீடு அங்கே போய்விட்டது, வேலை இங்கேயே நின்றுவிட்டது. அதனால் அவளும் அவளைப் போன்ற பெண்களும் இருட்டோடு எழுந்து, சோறு கட்டிக்கொண்டு, காலை லோக்கலைப் பிடித்து நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டு வேலைக்கு அவளுக்கு நான்கு வீடு, என் வீடும் அதில் ஒன்று. முதல் வீட்டு மேம்சாப் ஒரு டாக்டர். ஏழரைக்கு வரவேண்டும், ஏழு முப்பத்தைந்துக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கும். அங்கே போவதற்கு முன் என் வீட்டில் நின்றபடியே ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போவாள். ஏழு இருபத்திரண்டுக்கு வாசல் மணி அடிக்கும். ஸ்டேஷனில் இறங்கி, படியேறி, பாலம் தாண்டி, ஷேர் ஆட்டோ பிடித்து ஒருத்தி ஏழு இருபத்திரண்டுக்கு என் வாசலில் நிற்கவே முடியாது. இந்தக் கணக்கை நான் ஒரு நாள்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. நிமிடங்களைக் கட்டி மேய்ப்பதுதான் என் உத்தியோகம் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

சாய்வுக் கோடுகள்

கால அட்டவணைப் பிரிவில் நான் என்ன செய்தேன் என்று உறவினர்கள் கேட்பார்கள். "டிக்கெட் கொடுப்பியா?" என்று ஒரு அத்தை கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு பெரிய தாள். குறுக்கே நேரம், நெடுக்கே ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு சாய்வுக் கோடு. வேகமான வண்டி செங்குத்தாக ஏறும், லோக்கல் படுத்துக்கொண்டு போகும். வண்டி நிற்குமிடத்தில் கோடும் ஒரு படி போல நிற்கும். நான் சேர்ந்தபோது கலர் பென்சிலும் அடிக்கோலும்தான். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கோடுகள் அதே கோடுகள்தான்.

ஒரு லோக்கல் ஒரு நிமிடம் நிற்பதற்கு ஒரு நிமிடம் மட்டும் செலவாகாது. பிரேக் போட வேண்டும், நிற்க வேண்டும், மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். மூன்று நிமிடம் போய்விடும். பின்னால் வரும் வண்டி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும். அதனால் எல்லா வண்டியும் எல்லா இடத்திலும் நிற்க முடியாது. எது எங்கே நிற்க வேண்டாம் என்று யாராவது சொல்ல வேண்டும். பல வருஷம் அந்த யாராவது நான்தான்.

அந்த சிக்னலுக்குச் சற்று முன்னால் ஒரு குட்டி ஹால்ட் இருக்கிறது. ஒரு பிளாட்பாரம், ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். காலை லோக்கல் முன்பு அங்கே நின்றது. அந்த நிறுத்தத்தை எடுக்கச் சொல்லி வெகுகாலம் முன்பு குறிப்பு எழுதியவள் நான். அங்கே டிக்கெட் விற்பனை மிகக் குறைவு என்று காரணம் காட்டினேன். பொய் இல்லை. ஆனால் வேலைக்கு வருகிறவர்கள் மாதாந்திர பாஸை ஏறுகிற ஊரில்தான் வாங்குவார்கள், இறங்குகிற இடத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். இறங்குகிறவர்களின் எண்ணிக்கையை ஏறுகிறவர்களின் சீட்டில் தேடியிருக்கிறேன். எங்கள் பிரிவில் எல்லோரும் அப்படித்தான் தேடினோம். இது தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஹால்ட்டைத் தாண்டினால் சிக்னல். அங்கே ஒரு தினசரித் தொல்லை இருந்தது. யார்டிலிருந்து காலிப் பெட்டிகளைக் கோர்த்த வண்டி ஒன்று அதே நேரத்துக்குப் பாதையைக் குறுக்கே கடந்து பிளாட்பாரத்துக்குப் போகும். பயணிகளே இல்லாத வண்டி, ஆதலால் ஒரு நாளும் தாமதமாகாது. அது கடந்து முடிக்கும்வரை லோக்கலுக்குச் சிவப்பு. தினமும் மூன்று நிமிடம், சில நாள் நான்கு. ரயில் ஓட்டத்தைக் கவனிக்கும் கண்ட்ரோல் அறையின் அறிக்கையில் இந்தத் தாமதம் ஒரு வரியாகத் தினமும் வரும், பல்லில் சிக்கிய நார் மாதிரி என்னை உறுத்தும்.

ஓய்வு பெறுவதற்கு முன் அதைப் பிடுங்கியே தீருவது என்று உட்கார்ந்தேன். இரண்டு வாரம் மல்லுக்கட்டி, காலி வண்டியை ஆறு நிமிடம் பின்னால் தள்ளி, லோக்கலுக்குப் பச்சை வழி வாங்கிக் கொடுத்தேன். ஆபீஸில் சமோசாவும் காஜு கத்லியும் வந்தன. "கமால் கர் தியா, மேடம்" என்று பாராட்டினார் அதிகாரி. நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன்.

இருபத்திநாலு நிமிடம்

முதலில் அஞ்சலைக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. லேடீஸ் பெட்டியின் இரைச்சலில், சோற்றுப் பைக்குள் கிடக்கிற போன் யாருக்குக் கேட்கும்?

"நிக்கலைன்னா இறங்க மாட்டாங்க, கௌரி. அவ்ளோ விவரம் இல்லாதவங்களா?" என்றார் கணவர்.

"உங்களுக்குப் புரியல. அந்த வளைவுல வண்டி வேகத்தைக் குறைச்சுத்தான் ஆகணும். நிக்கப்போற மாதிரியே இருக்கும். இத்தனை மாசமா ஒரு நாள்கூட நிக்காமப் போனதில்ல. அவங்க பழக்கத்துல காலைக் கீழ வெச்சிடுவாங்க."

அதுவரை எனக்கே முழுதாக உறைக்கவில்லை, சொன்ன பிறகுதான் உறைத்தது. மூன்று நிமிடத்தில் இருபது பேர் இறங்க வேண்டுமென்றால், வண்டி நிற்கும் முன்பே முதல் ஆள் படியில் நிற்க வேண்டும். பின்னால் இருப்பவர்கள் தள்ளுவார்கள்.

கண்ட்ரோலுக்குப் போட்டேன். பணியில் இருந்தவரை எனக்குக் குரல் அளவில் பழக்கம்.

"பையா, காலை லோக்கலை அந்த சிக்னல்ல ரெண்டு நிமிஷம் ரோக் தீஜியே" என்று நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

"க்யோன் மேடம்ஜி? லைன் க்ளியர் ஹை. ஆப் ஹீ நே தோ கராயா ஹை."

ஆமாம், லைனை க்ளியர் செய்தது நான்தான். பயணிகள் சிக்னலில் இறங்குகிறார்கள் என்று சொன்னால், நாளைக்கே காக்கிச்சட்டை வந்து நிற்கும். பிடித்து அபராதம் போடுவார்கள், மதில் ஓட்டையை அடைப்பார்கள். சொல்லாவிட்டால் வண்டி நிற்காது. நான் திக்கினேன். அவர் மரியாதையாகவே, "லிக் கர் பேஜ் தீஜியே", எழுதி அனுப்புங்கள் என்று வைத்துவிட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்து ஒருத்தி போன் பண்ணினாள் என்று ஓடுகிற ரயிலை நிறுத்துகிறவன் கண்ட்ரோலில் இருக்கக்கூடாது.

மணி ஏழு மூன்று. காலில் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். கணவர் பின்னால் வந்தார்.

மதில் ஓட்டை

அதை ஓட்டை என்று சொல்லக்கூடாது, வாசல் என்றே சொல்லலாம். செங்கற்களை ஒழுங்காக எடுத்திருந்தார்கள். புடவை கிழியாமலிருக்க ஓரத்தில் ஒரு சாக்கு கட்டியிருந்தது. உள்ளே, புதர்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. தண்டவாள மேட்டில் ஏற வசதியாக யாரோ தட்டைக் கற்களைப் படிபோல் பதித்திருந்தார்கள். நான் எடுத்துவிட்ட நிறுத்தத்துக்குப் பதிலாக இவர்களே ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிக்னல் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. என் வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. பச்சை விளக்கைப் பார்த்து நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

ஹாரன் கேட்டது. புகைக்குள்ளிருந்து முதலில் விளக்கு வந்தது, பிறகு வண்டியின் மூஞ்சி. வளைவில் நான் சொன்ன மாதிரியே வேகம் குறைந்தது. சக்கரங்கள் கிறீச்சிட்டன. பார்க்கிற யாரும் நிற்கப்போகிறது என்றுதான் நினைப்பார்கள்.

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன். கொடி இல்லாதபோது வண்டியை நிறுத்தச் சொல்லும் சைகை அது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது, அதற்கு முன் நான் செய்ததேயில்லை. டிரைவருக்கு நான் யார்? மதிலோரம் நைட்டியில் நிற்கும் ஒரு கிழவி. நீளமாக ஹாரன் அடித்தபடி கடந்து போனார்.

லேடீஸ் பெட்டி வந்தது. வாசல் முழுக்கப் பெண்கள். கீழ்ப்படியில் அஞ்சலை. ஒரு கை கம்பியில், தோளில் பை, ஒரு கால் காற்றில் தரையைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முதுகின்மேல் இன்னொருத்தியின் கை.

அப்போதுதான் கத்தினேன். டெல்லியில் பிறந்து, மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, இத்தனை வருஷத்தில் தெருவில் நின்று நான் தமிழில் சத்தம் போட்டதில்லை. வெளியே எல்லாம் ஹிந்திதான். அன்று அடிவயிற்றிலிருந்து தமிழ்தான் வந்தது.

"அஞ்சலை! நிக்காதுடி! இறங்காத! எல்லாரும் உள்ள போங்க! வண்டி நிக்காது!"

முகங்கள் திரும்பின. பாதிப் பேர் கேம்ப்பிலிருந்து போனவர்கள், அவர்களுக்குப் புரியும். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். ஏதோ ஒன்று கற்களின்மேல் விழுந்து உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

வண்டி போய்விட்டது. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. கணவர் தண்டவாள ஓரமாகவே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார், யாரும் இல்லை என்று. அவர் கையில் அஞ்சலையின் பை இருந்தது. டப்பா திறந்து சோறெல்லாம் கொட்டியிருந்தது. உள்ளே போன், கண்ணாடி விரிசல் விட்டு. திரையில் எடுக்கப்படாத அழைப்புகள் வரிசையாக, எல்லாம் ஒரே பெயரில். அவள் மகள் பதிந்து கொடுத்திருப்பாள்: ரயில் அக்கா.

எட்டேகால்

பை விழுந்ததா, பையோடு அவளும் விழுந்தாளா? இந்தப் பக்கம் இல்லையென்றால் பெட்டிக்கு அடியிலா? போனும் எங்களிடம். ஒரு மணி நேரம் நான் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி ஆடை கட்டிப்போயிருந்தது.

எட்டேகாலுக்கு மணி அடித்தது.

"அக்கா, நல்ல நேரம் நீங்க அங்க நின்னுக்கினு இருந்தீங்க" என்றாள், மூச்சு வாங்க. "ஒரு காலு கீழ எறக்கிட்டேன். பின்னால ஜல்தி ஜல்தின்னு தள்ளிக்கினே இருக்காளுங்க. உங்க குரலு கேட்டுச்சு, பக்கத்துல இருந்தவ முடியப் புடிச்சு உள்ள இழுத்துட்டா. பை மட்டும் போச்சு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் பயந்துபோய்விட்டாள்.

"அழாதீங்கக்கா. எனக்கு ஒண்ணும் ஆவல. அந்த டாக்டரம்மா வீடுதான் போச்சு. 'ஸாடே ஸாத் போலா தா நா', ஏழரைன்னு சொன்னேன்லன்னு கதவ சாத்திட்டாங்க. எந்தப் பாவி இந்த டைம மாத்துனானோ, அவன் கையில கட்டை மொளைக்க."

அவள் கையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். மாற்றியது இந்தக் கைதான் என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

ஒரு சிறு திருத்தம்

ஸ்டேஷனிலேயே இறங்கு என்று அவளிடம் எத்தனையோ தடவை சொன்னேன். "எறங்கலாம். எட்டே காலுக்கு எந்த வீட்டுலக்கா என்ன வெச்சுக்குவாங்க?" என்று கேட்டாள்.

காலை லோக்கலை ஹால்ட்டில் நிறுத்தச் சொல்லி முறைப்படி கோப்பு அனுப்பினேன். திரும்பி வந்தது. விற்பனை குறைவு, நிறுத்தம் நியாயமில்லை. ஆதாரமாக ஒரு பழைய குறிப்பை இணைத்திருந்தார்கள். கீழே என் கையெழுத்து.

பிறகு நான் செய்ததை யாரும் மெச்ச வேண்டாம். ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது, திருத்தப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். யார்டிலிருந்து வரும் காலி வண்டி பிளாட்பாரத்துக்கு ஆறு நிமிடம் முன்னதாக வரவேண்டும், சுத்தம் செய்ய நேரம் போதவில்லை என்று. சுத்தம் செய்ய நேரம் போதுமானதாகவே இருந்தது. பழைய இடத்தில், பழைய மாதிரியே, இரண்டு கோடுகளையும் மோதவிட்டேன். கண்ட்ரோல் அறிக்கையில் அந்த வரி மறுபடி வரத் தொடங்கியது. அதிகாரி பார்த்துவிட்டு, "ஃபிர் வஹீ, மேடம்?", மறுபடி அதேதானா என்றார். அவர் குரலில் எனக்காக ஒரு வருத்தம் இருந்தது.

இப்போது லோக்கல் அங்கே மூன்று நிமிடம் நிற்கிறது. எந்தப் புத்தகத்திலும் அந்த நிறுத்தம் இல்லை. யாராவது விழுந்தால் பயணியின் தவறு என்று எழுதி மூடிவிடுவார்கள். யார்டு வண்டி என்றைக்காவது ஒரு நாள் பழுதாகி நின்றால், அன்று லோக்கலுக்குப் பச்சை. அந்த நாள் எது என்று எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்றவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள். அஞ்சலையிடம் இதைச் சொல்லி, வண்டி முழுசாக நின்றபிறகுதான் காலை எடுக்க வேண்டும் என்றேன்.

"நிக்காம எப்புடிக்கா இருக்கும்? அன்னிக்கு ஒரு நாளு என்னமோ ஆயிப்போச்சு" என்று சிரித்தாள். "இப்ப நம்ம ஆளுங்க நெறயப் பேரு எறங்குறாங்க. எங்க அக்கா குப்பம்மாக்கும் இங்கியே ஒரு வீடு பாத்துட்டேன். நாளைலேர்ந்து அவளும் வருவா. முட்டி வலி, பையத்தான் எறங்குவா. அதான் மூணு நிமிசம் நிக்குதில்ல, அச்சாதான்."

மறுநாள் ஏழு பதினாலுக்கு நான் மதிலுக்கு உள்ளே நின்றேன். வண்டி வந்து நின்றது. பெண்கள் மடமடவென்று இறங்கினார்கள். கடைசியாகக் குப்பம்மா, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரும்பி நின்று, ஒரு காலால் தரையைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் மனசுக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்று ஐம்பது தாண்டிவிட்டது. தூரத்தில் காலி வண்டியின் கடைசிப் பெட்டி பாதையைக் கடப்பது தெரிந்தது.

ஓடிப்போய் அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினேன். என்னைவிட கனமாக இருந்தாள். இரண்டு பேரும் கற்களின்மேல் தடுமாறி நின்றபோது சிக்னல் பச்சையானது. வண்டி எங்கள் முதுகை உரசுவதுபோல் நகர்ந்தது.

குப்பம்மா மூச்சு வாங்கியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"நாளைக்கும் வந்து நிப்பியாம்மா?" என்று கேட்டாள்.

நிற்கிறேன். இன்று காலையும் நின்றேன். வண்டியின் விளக்கு புகைக்குள் தெரிந்ததும் முதலில் சிக்னலைத்தான் பார்க்கிறேன், சிவப்பாக இருக்க வேண்டுமே என்று.